அதனால் என்ன? ஆங்கில இலக்கியக் கலைச்சொற்களைக் கற்றதும் கற்பித்ததும்

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு, 1999-ஆம் ஆண்டில் ஓர் அரசுக் கலைக் கல்லூரியில் இளங்கலை ஆங்கில இலக்கியம் சேர்ந்தேன். முதல் பருவத்திலேயே இலக்கிய வடிவங்களையும் அணிகளையும் பற்றிய ஒரு தாள் இருந்தது. கடையில் கிடைத்த வினா விடைக் கையேடு ஒன்றை வாங்கி, மெட்டஃபர் (உருவகம்), சிமிலி (உவமை), மெட்டானமி (ஆகுபெயர்), அலிட்டரேஷன் (தொடக்க ஒலி ஒன்றுதல்), ஐரனி (முரண்நகை) என்று அறுபதுக்கும் மேற்பட்ட சொற்களை அவற்றின் விளக்கங்களோடு ஒரு வரி பிசகாமல் மனப்பாடம் செய்தேன். முதல் உள்தேர்வில் ஷேக்ஸ்பியரின் சானட் (பதினான்கு வரிக் கவிதை) ஒன்றைக் கொடுத்து, அதன் நடையைப் பற்றி எழுதச் சொன்னார்கள். பதினான்கு வரிகளுக்குள் ஏழு உத்திகளைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றுக்கும் பெயரும் விளக்கமும் எழுதி இரண்டு பக்கங்களை நிரப்பினேன். திரும்பி வந்த விடைத்தாளில் பத்துக்கு மூன்று மதிப்பெண் இருந்தது. ஏழு பெயர்களின் பக்கத்திலும் சிவப்பு மையில் ஒரே கேள்வி எழுதப்பட்டிருந்தது: அதனால் என்ன?

மறுநாள் துறை அறைக்குப் போய் அந்தப் பேராசிரியரைப் பார்த்தேன். விடைத்தாளை வாங்கிக்கொண்டு, "முதல் வரியை வாசி, தம்பி" என்றார். காதலியின் கண்கள் சூரியனைப் போன்றவையே அல்ல என்று தொடங்கும் 130-ஆவது சானட் அது. அந்த வரியில் 'லைக்' என்ற சொல் இருந்ததால் அதற்குச் 'சிமிலி' என்று பெயரிட்டிருந்தேன். "இந்த இடத்தில் உவமை சொல்கிறாரா, உவமையை மறுக்கிறாரா?" என்று கேட்டார். அந்த வரி என்ன சொல்கிறது என்பதை நான் அதுவரை யோசித்திருக்கவே இல்லை. உவம உருபு கண்ணில் பட்டதும் பெயரை ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருந்தேன்.

அவர் பொறுமையாக விளக்கினார். 1590-களில் இங்கிலாந்தில் சானட் எழுதுவது பெருவழக்காக இருந்தது. கண்ணுக்குச் சூரியன், உதட்டுக்குப் பவளம், மார்புக்குப் பனி என்று ஒரே உவமைகள் கவிஞருக்குக் கவிஞர் கைமாறித் தேய்ந்து போயிருந்தன. 1609-இல் அச்சான ஷேக்ஸ்பியரின் தொகுப்பில் உள்ள இந்தக் கவிதை அந்த உவமைகளை ஒவ்வொன்றாக எடுத்து, இவளுக்கு இது பொருந்தாது என்று தள்ளி வைக்கிறது. கடைசி இரண்டு வரிகளில், பொய்யான ஒப்புமைகளால் புகழப்பட்ட எந்தப் பெண்ணுக்கும் என் காதலி குறைந்தவள் அல்லள் என்று சொல்லி முடிகிறது. "இந்தக் கவிதை பேசும் பொருளே உவமைதான். அதைச் சொல்லியிருந்தால் சிமிலி என்ற ஒரு சொல்லை மட்டும் எழுதிய விடைக்குக்கூட நல்ல மதிப்பெண் போட்டிருப்பேன்" என்றார்.

அன்றைக்கு அந்தக் கையேட்டை மூடி வைத்தேன். நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து ஒவ்வொரு பக்கத்தையும் மூன்றாகக் கோடு போட்டுப் பிரித்தேன். முதல் பத்தியில் நான் படித்த வரி, இரண்டாவதில் அந்த வரியில் என் கண்ணையோ காதையோ நிறுத்திய இடம், பெயர் எதுவும் இல்லாமல், வெறும் தமிழில், மூன்றாவதில்தான் கலைச்சொல். மூன்றாவது பத்தி பல நாள் காலியாகவே கிடக்கும். அது காலியாக இருந்த நாட்களில்தான் நான் அதிகம் கற்றேன் என்பது இன்றும் என் எண்ணம். கண்ட ஒன்றுக்குப் பெயர் தேடி அகராதியைப் புரட்டும்போது, அந்தப் பெயர் கிடைத்தவுடன் மனத்தில் தங்கிவிடுகிறது. எம். எச். ஏப்ரம்ஸின் கலைச்சொல் விளக்க நூலை, 1957-இல் முதலில் வெளிவந்து இன்றும் நம் கல்லூரி நூலகங்களில் இருக்கும் அந்த நூலை, அப்படித்தான் பயன்படுத்தினேன். அது அகர வரிசையில் இருந்தாலும் ஒவ்வொரு பதிவும் ஒரு சிறு கட்டுரை. ஒரு பதிவு இன்னொன்றைச் சுட்டும் இடங்களைப் பின்தொடர்ந்து போனால் தொடர்புடைய நான்கைந்து சொற்கள் ஒரே மூச்சில் விளங்கும்.

ஒரு சொல் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் கண்டுகொள்ள எனக்கு மிகவும் உதவியது மாற்றிப் பார்க்கும் பழக்கம். அதற்கு வேர்ட்ஸ்வொர்த்தே ஒரு சான்று விட்டுச் சென்றிருக்கிறார். நம் பள்ளிப் பிள்ளைகள் பலரும் படித்திருக்கும் அவருடைய டாஃபடில் பூக்களைப் பற்றிய கவிதை 1807-இல் வெளிவந்தபோது, முதல் செய்யுட்கண்ணியில் அந்தப் பூக்கள் 'ஆடுகிற' பூக்களாக இருந்தன. இரண்டு வரி தள்ளி, காற்றில் ஆடும் பதினாயிரம் என்று அதே சொல் திரும்பவும் வந்தது. 1815 பதிப்பில் முதல் இடத்து 'ஆடுகிற' என்பதை எடுத்துவிட்டு 'பொன்னிறமான' என்று மாற்றினார். இரண்டு வடிவங்களையும் அருகருகே எழுதி வைத்து வாசித்துப் பாருங்கள். பழைய வடிவத்தில் அசைவு தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது; புதிய வடிவத்தில் முதலில் நிறம் தெரிகிறது, பிறகுதான் ஆட்டம் தொடங்குகிறது. 'பொன்' என்ற அந்தச் சொல், கவிதையின் பிற்பகுதியில் செல்வம் என்ற சொல் வரும்போது இன்னொரு முறை ஒலிக்கிறது. டிக்ஷன் (சொல்தேர்வு), கானொட்டேஷன் (சொல் தரும் குறிப்புப்பொருள்) என்ற இரண்டு சொற்களின் விளக்கத்தை எத்தனை முறை ஒப்பித்தாலும் கிடைக்காத தெளிவு, கவிஞர் கை வைத்து மாற்றிய ஒரே ஒரு சொல்லில் எனக்குக் கிடைத்தது. கவிஞர் மாற்றாத இடங்களில் நாமே மாற்றிப் பார்க்கலாம். ஒரு சொல்லுக்கு அதே பொருளுள்ள வேறொரு சொல்லைப் போட்டு வாசித்து, எது குறைந்து போகிறது என்று எழுதினால், 'அதனால் என்ன' என்ற கேள்விக்கு அதுவே விடை.

தமிழ்வழியில் படித்தது எனக்குக் குறை என்றுதான் முதல் ஆண்டு முழுவதும் நினைத்திருந்தேன். இரண்டாம் ஆண்டில் டிக்கன்ஸின் 1854-ஆம் ஆண்டு நாவலான ஹார்ட் டைம்ஸ் வகுப்பில் அந்த எண்ணம் மாறியது. அந்த நாவலின் ஆலை நகரத்தில் தொழிலாளர்களைக் 'கைகள்' என்றே அழைக்கிறார்கள். ஆசிரியர் இதற்கு சினெக்டகி என்று பெயர் சொன்னதும் ஆங்கிலவழியில் படித்து வந்த நண்பர்கள் எழுத்துக்கூட்டலைக் கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கோ எட்டாம் வகுப்புத் தமிழாசிரியர் நடத்திய சினையாகுபெயர் நினைவுக்கு வந்தது: தலைக்கு ஒரு பழம் கொடு. உறுப்பின் பெயர் முழு ஆளுக்கு ஆகி வருகிறது. ஆனால் தலைக்கு ஒரு பழம் என்னும்போது நாம் எண்ணிக்கையைச் சுருக்கமாகச் சொல்கிறோம், அவ்வளவுதான். டிக்கன்ஸின் முதலாளிகள் 'கை' என்னும்போது, வயிறும் மனமும் இல்லாத வெறும் கைகளாக அவர்கள் பிறந்திருந்தால் எவ்வளவு வசதி என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. டிக்கன்ஸ் அதை வெளிப்படையாகவே எழுதுகிறார். ஒரே ஆகுபெயர் இரண்டு இடங்களில் இரண்டு வேலை செய்கிறது என்று அன்று விடைத்தாளில் எழுதினேன். பக்கத்தில் சிவப்புக் கேள்வி வரவில்லை.

அதிலிருந்து ஒவ்வோர் ஆங்கிலக் கலைச்சொல்லுக்கும் பக்கத்து வீட்டுத் தமிழ்ச்சொல் ஒன்றைத் தேடத் தொடங்கினேன். உவமையைப் பிரித்துப் பார்க்க நமக்குப் பள்ளியிலேயே உவமேயம், உவமானம், உவம உருபு, பொதுத்தன்மை என்ற நான்கு கருவிகளைக் கொடுத்துவிடுகிறார்கள். ஆங்கிலத் திறனாய்வில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் 1936-இல்தான் உருவகத்தின் இரண்டு பாதிகளுக்கு டெனர் (நம் உவமேயம் போன்றது), வெஹிக்கிள் (உவமானம் போன்றது) என்று பெயர் வைத்தார். தொல்காப்பியமோ இன்னும் ஒரு படி போய், ஒப்புமை எதன் அடிப்படையில் என்று கேட்டு, வினை, பயன், மெய் (வடிவம்), உரு (நிறம்) என்று நான்காக வகுக்கிறது. இந்த நான்கு கேள்விகளையும் ஆங்கிலக் கவிதையிடம் கேட்டுப் பார்த்தேன். ராபர்ட் பர்ன்ஸின் பாடல் ஒன்று, 1794-இல் அச்சானது, காதலை ஜூன் மாதத்தில் புதிதாய் மலர்ந்த சிவப்பு ரோஜாவுக்கு ஒப்பிட்டுவிட்டு உடனே சுருதி சேர்ந்த இனிய இசைக்கும் ஒப்பிடுகிறது. ரோஜாவை மட்டும் பார்த்தால் வடிவமா, நிறமா என்று எளிதாகச் சொல்லிவிடலாம். இசைக்கு வடிவமும் இல்லை, நிறமும் இல்லை. எனவே இரண்டாவது உவமையின் அடிப்படை பயன்தான், கேட்பவருக்குள் அது செய்வதுதான். அதை வைத்துத் திரும்பிப் பார்த்தால், முதல் உவமையிலும் நிறத்தைவிடப் புதிதாய் மலர்ந்ததன் மகிழ்ச்சியே முன்னுக்கு வருகிறது. ஓர் ஆங்கிலப் பாடலுக்குள் நுழைய எனக்குக் கதவைத் திறந்தது தொல்காப்பியம் என்பதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு.

ஆனால் பக்கத்து வீட்டுச் சொல் நம் சொல் ஆகிவிடாது என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ரைம் என்றால் எதுகை என்று நெடுங்காலம் எழுதி வந்தேன், பலரும் எழுதுகிறார்கள். எதுகை இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது. வரியின் இறுதியில் ஒலி ஒன்றும் ஆங்கில ரைமுக்கு அருகில் இருப்பது இயைபு. அலிட்டரேஷனை மோனை என்று சொல்வது ஓரளவு பொருந்தும், ஆனால் நம் மோனையில் உயிரெழுத்தும் ஒன்றலாம். சகரமும் தகரமும், மகரமும் வகரமும் உறவு கொண்டாடலாம். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. அங்கே மெய்யொலி ஒன்ற வேண்டும், அதுவும் அழுத்தம் விழும் சிலபிளின் (சொல்லின் ஓர் ஒலிக்கூறின்) தொடக்கத்தில். எழுத்தைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. 'சிட்டி'யும் பூனையைக் குறிக்கும் 'கேட்'டும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்கினாலும் அலிட்டரேஷன் ஆகாது. 'ஃபோன்', 'ஃபேன்' இரண்டும் வேறு எழுத்துகளில் தொடங்கினாலும் ஆகும். கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது கோட்டைக் கொடிகள் வராதீர்கள் என்று கை காட்டுவது போல அசைந்ததைத் தற்குறிப்பேற்றம் என்கிறோம். ஜான் ரஸ்கின் 1856-இல் வைத்த பதெடிக் ஃபாலஸி என்ற பெயர் இதற்கு நெருங்கி வருகிறது. ஆனால் ரஸ்கின் பேசுவது இயற்கையின் மேல் மனித உணர்ச்சியை ஏற்றுவதைப் பற்றி. நம் அணி பேசுவது இயல்பான நிகழ்ச்சியின் மேல் கவிஞர் தன் கருத்தை ஏற்றுவதைப் பற்றி. ஃபாலஸி என்னும்போது அவர் அதில் ஒரு குற்றத்தைப் பார்க்கிறார். நம் மரபு அதை அணி என்கிறது. அந்த வேறுபாட்டையும் சேர்த்துத்தான் நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.

இந்தக் குழப்பங்களில் மிகப் பெரியது யாப்பில் வருவது. நான் ஆசிரியரான பிறகு, முதலாண்டு மாணவர் ஒருவர் எழுந்து, "சார், சானட்டுக்குப் பதினான்கு அடி என்கிறீர்கள். அதே சானட்டை பென்டாமீட்டர் என்கிறீர்கள். பென்டாமீட்டர் என்றால் ஐந்தடிதானே?" என்று கேட்டார். மிக நியாயமான கேள்வி. ஆங்கிலத்தில் ஃபுட் என்றால் பாதம், தமிழில் அடி என்றாலும் பாதம். ஆனால் யாப்பில் தமிழ் அடி முழு வரியையும், ஆங்கில ஃபுட் வரிக்குள் இருக்கும் ஒரு சிறு கூறையும் குறிக்கும். ஃபுட் நம் சீருக்கு நிகரான இடத்தில் நிற்பது. ஐந்து சீர் கொண்ட அடியை நாம் நெடிலடி என்கிறோம். பென்டாமீட்டர் அந்த நீளத்தை உடையது. இதைச் சொன்னதும் வகுப்பில் பாதிப் பேரின் முகம் தெளிந்தது.

மீதிப் பாதிக்கு இன்னொரு தடை இருந்தது. எனக்கும் முதுகலை வரை இருந்த தடைதான் அது. தமிழ் யாப்பு குறில், நெடில், ஒற்று என்று எழுத்தின் அளவைப் பார்த்து நேர், நிரை என்று அசை பிரிக்கிறது. ஆங்கில யாப்பு அளவைப் பார்ப்பதில்லை, அழுத்தத்தைப் பார்க்கிறது. நம் நிரையசை ஒன்றுக்குள் ஆங்கிலக் கணக்கில் இரண்டு சிலபிள்கள் இருக்கும். தமிழில் ஒரு சொல்லின் எந்தப் பகுதியை அழுத்திச் சொன்னாலும் பொருள் மாறாது என்பதால் நம் காது அழுத்தத்தைத் தேடுவதே இல்லை. அந்தக் காதை வைத்துக்கொண்டு ஐயம்பிக் என்ற சொல்லை மனப்பாடம் செய்வதால் பயனில்லை.

எனக்கு அது பிடிபட்டது ஒரு தீப்பெட்டியால். விடுதி அறையில் அகராதியைத் திறந்து ஃபோட்டோகிராஃப், ஃபோட்டோகிராஃபர், ஃபோட்டோகிராஃபிக் என்ற மூன்று சொற்களையும் எடுத்தேன். அகராதியில் உச்சரிப்பைக் காட்டும் இடத்தில், அழுத்தம் விழும் சிலபிளுக்கு முன்னால் மேலே ஒரு சிறு செங்குத்துக் கோடு இருக்கும். முதல் சொல்லில் அது முதல் சிலபிளுக்கு முன்னால் இருந்தது. இரண்டாவதில் இரண்டாம் சிலபிளுக்கு, மூன்றாவதில் மூன்றாம் சிலபிளுக்கு நகர்ந்திருந்தது. ஒவ்வொரு சிலபிளுக்கும் தீப்பெட்டியால் மேசையைத் தட்டி, கோடு உள்ள இடத்தில் மட்டும் பலமாகத் தட்டினேன். ஏறத்தாழ அரை மணி நேரம் கழித்து, ஒரே சொற்குடும்பத்துக்குள் அழுத்தம் இடம் மாறி விழுவது காதில் கேட்டது. அதற்கு முன்பு அது கேட்டதே இல்லை. பிறகு 'அபவ்', 'அகெய்ன்', 'டுடே' என்று மெல்லத் தொடங்கிப் பலமாக முடியும் சொற்களைத் தட்டினேன், அதுதான் ஐயம்ப். 'வாட்டர்', 'டேபிள்' என்று பலமாகத் தொடங்கி மெல்ல முடிந்தால் ட்ரோக்கி. இன்று என் வகுப்பில் யாப்பு தொடங்கும் வாரத்தில் ஐம்பது பேரும் மேசையைத் தட்டுகிறார்கள், பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுகிறேன்.

காது திறந்த பிறகுதான் ஹாம்லெட்டின் புகழ்பெற்ற தனிமொழிக்குப் போனேன். டு பீ, ஆர் நாட், டு பீ என்று மூன்று ஐயம்புகள் சீராகப் போகின்றன. நான்காவது இடத்தில் 'தட் இஸ்' என்பதை இயல்பாகச் சொன்னால் அழுத்தம் முதலில் விழுந்து வரிசை கவிழ்கிறது. வரி பத்து சிலபிளில் முடியவும் இல்லை. 'க்வெஸ்ச்சன்' என்ற சொல்லின் மெல்லிய கடைசிச் சிலபிள் பதினொன்றாவதாக மிஞ்சி நிற்கிறது. அடுத்த மூன்று வரிகளும் அப்படியே மெல்ல இழுபட்டு முடிகின்றன. முடிவெடுக்க இயலாத ஒருவனின் பேச்சில் வரிகள் உறுதியாக முடியாமல் போவதை முதன்முதலில் மேசையின் மேல் தட்டிக் கேட்டபோது, ஃபெமினின் எண்டிங் என்ற பெயர் எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. அந்த ஓசை பெரிதாகப் பட்டது. மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்வேன். இந்த முடிவு எங்கே வந்தாலும் தயக்கம் என்று எழுதிவிடக் கூடாது. அக்கால நாடகங்களில் அது பரவலாக வருவது. நான்கு வரி தொடர்ந்து வருவதும், அவை சொல்லும் பொருளும் சேர்ந்தால்தான் அப்படிச் சொல்ல இடம் உண்டு.

என்ஜாம்மென்ட், அதாவது வாக்கியம் வரி முடிவில் நிற்காமல் அடுத்த வரிக்கு ஓடுவது, இந்த விஷயத்திலும் நம் காது நமக்கு எதிராகவே நிற்கிறது. சங்க அகவற்பாக்களில் வாக்கியம் அடிகளைத் தாண்டி ஓடிக் கடைசியில் வினையைச் சென்றடைவது இயல்பு. அதனால் ஆங்கிலக் கவிதையில் வாக்கியம் வரியைத் தாண்டும்போது நமக்கு அது ஒரு நிகழ்வாகவே தெரிவதில்லை. அலெக்ஸாண்டர் போப்பின் ஈரடிகளில் வரி முடியும் இடத்தில் பொருளும் பெரும்பாலும் முடிந்து நிற்கும்; மில்டன் 1667-இல் வெளியிட்ட தன் காப்பியத்துக்குப் பின்னர்ச் சேர்த்த குறிப்பில், பொருள் ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்கு நீண்டு செல்வதைத் தன் யாப்பின் இனிமைகளுள் ஒன்றாகச் சொல்கிறார். இரண்டு வழக்கங்களும் ஆங்கிலத்தில் உண்டு. கையில் உள்ள கவிதை எதை வழக்கமாக வைத்திருக்கிறது என்று முதலில் பார்த்த பிறகே அதை மீறும் இடத்தைக் குறிக்க முடியும். நடையியலில் ஃபோர்கிரவுண்டிங் என்று சொல்வது இதைத்தான். பின்னணி தெரியாதவருக்கு முன்னணி தெரியாது என்று எங்கள் பேராசிரியர் சொல்வார்.

எதிராக நிற்கும் இடங்களைச் சொன்னேன். நம் மொழி நமக்குப் பெரும் சாதகமாக நிற்கும் ஓர் இடத்தையும் சொல்ல வேண்டும். ஹாம்லெட் மூன்றாம் அங்கம், நான்காம் காட்சி. தாயின் அறைக்கு ஹாம்லெட் வருகிறான். அரசி, ஹாம்லெட், உன் தந்தையை நீ மிகவும் புண்படுத்திவிட்டாய் என்கிறாள். அவன், அம்மா, என் தந்தையை நீங்கள் மிகவும் புண்படுத்திவிட்டீர்கள் என்கிறான். அவள் சொல்வது தன் புதுக் கணவனை, அவன் சொல்வது இறந்துபோன தந்தையை. இரண்டு வரிகளும் ஏறக்குறைய ஒரே சொற்களால் ஆனவை. அவள் 'தௌ' என்கிறாள். அவன் 'யூ' என்கிறான். இன்றைய ஆங்கிலத்தில் 'தௌ' வழக்கொழிந்துவிட்டதால் ஆங்கிலமே தாய்மொழியாகக் கொண்ட மாணவருக்கும் இதை அடிக்குறிப்பு போட்டு விளக்க வேண்டியிருக்கிறது. நீ, நீங்கள் என்ற வேறுபாட்டில் வளர்ந்த நமக்கு அடிக்குறிப்பு தேவையில்லை. மகனை நீ என்பதில் உரிமை இருக்கிறது. மகன் திருப்பிச் சொல்லும் நீங்கள் மேலுக்கு மரியாதையாகவும் உள்ளுக்குள் கதவைச் சாத்துவதாகவும் இருக்கிறது. வீட்டில் அம்மாவை நீ என்றே கூப்பிடும் பிள்ளை ஒரு நாள் திடீரென நீங்கள் என்றால் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று என் மாணவியரிடம் கேட்டேன். ஒரு மாணவி, "பேச்சே முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம், சார்" என்றார். ரோஜர் பிரவுனும் ஆல்பர்ட் கில்மனும் 1960-இல் எழுதிய கட்டுரையில் இவ்வகைப் பெயர்களை அதிகாரம், ஒருமைப்பாடு என்ற இரண்டு அச்சுகளில் வைத்து ஆராய்ந்தார்கள். மொழியியலில் நீ, நீங்கள் போன்ற இணைகளுக்கு வழங்கும் டி-வி வேறுபாடு என்ற பெயர் அங்கிருந்துதான் பரவியது. அந்தப் பெயரை அன்று கரும்பலகையில் எழுதியபோது யாரும் எழுத்துக்கூட்டலைக் கேட்கவில்லை. அவரவர் வீட்டில் ஏற்கெனவே இருந்த ஒன்றுக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்று தெரிந்துகொண்டார்கள்.

சுட்டும் அப்படித்தான். டெய்க்ஸிஸ் என்ற சொல்லைக் கேட்டு மிரளும் மாணவரிடம் அ, இ, உ என்ற மூன்று சுட்டெழுத்துகளைச் சொன்னால் போதும். ஆங்கிலத்திலும் 'ஹியர்', 'தேர்' என்பவற்றோடு 'யாண்டர்' என்ற மூன்றாவது ஒன்று முன்பு நன்றாக வழங்கியது.

உரைநடைக்கு வந்தால், என்னை அதிக நாள் அலைக்கழித்தது ஃப்ரீ இன்டைரக்ட் டிஸ்கோர்ஸ், அதாவது பாத்திரத்தின் எண்ணத்தைக் கதைசொல்லியின் வாக்கியத்துக்குள்ளேயே கலந்து சொல்லும் முறை. ஜேன் ஆஸ்டினின் எம்மா நாவலில், 1815 இறுதியில் வெளிவந்தது, தோழிக்காகத் தான் போட்டு வைத்த திருமணத் திட்டம் முழுவதும் பாழானதை உணர்ந்த இரவில் எம்மா தனியாக உட்கார்கிறாள். கூந்தலைச் சுருட்டிவிட்டுப் பணிப்பெண் போய்விட்டாள், எம்மா யோசித்து வருந்த உட்கார்ந்தாள் என்பது வரை கதைசொல்லியின் குரல். அடுத்த வாக்கியம், எவ்வளவு மோசமான காரியம் என்று ஆச்சரியக்குறியோடு முடிகிறது. அதற்கடுத்தது, அவள் ஆசைப்பட்டதெல்லாம் இப்படிக் கவிழ்ந்துவிட்டதே என்று. 'அவள்' என்பதும் இறந்தகாலமும் கதைசொல்லிக்கு உரியவை. ஆச்சரியக்குறியும் பதற்றமும் எம்மாவுக்கு உரியவை. 'என்று நினைத்தாள்' என்ற சொல் எங்கும் இல்லை. தமிழில் பிறர் பேச்சையும் எண்ணத்தையும் 'என்று' போட்டு வேலி கட்டிக் காட்டுகிறோம். அந்த வேலிக்குள் காலமும் பெயரும் பேசியவர் சொன்னபடியே இருக்கும். ஆங்கிலம் வேலியை எடுத்துவிட்டுக் காலத்தையும் பெயரையும் மாற்றிவிடுகிறது. இது தெரியாமல், எம்மாவின் அவசர முடிவுகளையெல்லாம் ஆஸ்டினின் கருத்து என்று எடுத்துக்காட்டி ஒரு கட்டுரை முழுவதையும் தவறாக எழுதியிருக்கிறேன். இப்போது மாணவர்களுக்கு ஒரு சோதனை சொல்லித் தருகிறேன். ஐயமுள்ள வாக்கியத்தைத் தமிழில் சொல்லி, முடிவில் 'என்று நினைத்தாள்' என்று சேர்த்துப் பாருங்கள். 'அவள்' என்பது 'நான்' என்று மாறி வாக்கியம் இயல்பாக நின்றால் அது பாத்திரத்தின் குரல். நூற்றுக்கு நூறு சரியாக வராது, ஆயினும் தொடங்குவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை.

ஐரனியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முரண் என்ற ஒரே சொல்லால் மொழிபெயர்த்துக்கொண்டதால் ஆக்ஸிமோரானும் (எதிர்ச்சொற்களை அருகருகே வைப்பது) பாரடாக்ஸும் (முரண்போலத் தோன்றும் உண்மை) ஐரனியும் மாணவர் விடைகளில் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. முரண்நகை என்ற சொல்லைத் தமிழ்த் திறனாய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள்; அது நல்ல சொல். நாடக முரண்நகைக்கு நான் காட்டுவது மேக்பெத்தின் முதல் அங்கம், நான்காம் காட்சி. தன்னை வஞ்சித்து மரண தண்டனை பெற்ற பிரபுவைப் பற்றி அரசன் டங்கன், அவன்மேல் முழு நம்பிக்கை வைத்திருந்தேன் என்று சொல்லி வாய் மூடும் முன் மேக்பெத் உள்ளே வருகிறான். அரசனைக் கொல்லும் எண்ணம் அவன் மனத்தில் இருப்பது நமக்குத் தெரியும், டங்கனுக்குத் தெரியாது. இதில் பாதி, வசனத்தில் இல்லை. 'மேக்பெத் நுழைகிறான்' என்ற மேடைக் குறிப்பில் இருக்கிறது. வசனத்தை மட்டும் வாசிக்கும் மாணவர் அதைத் தவறவிடுவார்.

எத்தனை சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று தேர்வுக்கு முன் எல்லோரும் கேட்கிறார்கள். இளங்கலைக்கு முப்பது போதும் என்பது என் கணிப்பு, அந்த முப்பதுக்கும் சொந்தமாகக் கண்டெடுத்த ஒவ்வொரு வரி கையில் இருந்தால். விடை எழுதும்போது கலைச்சொல்லில் வாக்கியத்தை முடிக்காதீர்கள். 'இந்த வரியில் அலிட்டரேஷன் உள்ளது' என்று எழுதினால் வாக்கியம் அங்கேயே நின்றுவிடுகிறது. 'இந்த வரியின் அலிட்டரேஷன்' என்று தொடங்கினால், ஏதாவது ஒரு வினை வந்து சேராமல் வாக்கியம் முடியாது. அந்த வினையைத் தேடுவதுதான் உங்கள் வேலை. ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் கவிஞர் பெயரில்லாமல் கவிதைகளைக் கொடுத்து மாணவர்களை எழுதச் சொல்லி, வந்த விடைகளை ஆராய்ந்து 1929-இல் நூலாக்கினார். நானும் மாதத்துக்கு ஒரு முறை பெயரில்லாத கவிதை ஒன்றைக் கொடுக்கிறேன். கலைச்சொல் எதுவும் எழுதக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. மிக நல்ல விடைகள் அந்த நாட்களில் வருகின்றன.

இந்தச் சொற்கள் ஆங்கிலேயருக்கும் ஒரு காலத்தில் அந்நியமாகவே இருந்தன என்பது மாணவர்களுக்கு ஆறுதல் தரும். மெட்டஃபர் கிரேக்கம், கடத்திச் செல்வது என்று பொருள். ஸ்டான்ஸா இத்தாலியத்தில் அறை. வெர்ஸ் லத்தீனில் திரும்புதல். ஜார்ஜ் புட்டன்ஹாம் எழுதியதாகக் கருதப்படும் 1589-ஆம் ஆண்டு நூலொன்றில், இந்தக் கிரேக்கப் பெயர்கள் தன் வாசகர்களுக்குப் புரியாது என்று ஒவ்வொன்றுக்கும் வீட்டு ஆங்கிலத்தில் பெயர் வைக்கிறார். மெட்டானமிக்குத் தவறாகப் பெயரிடுபவன் என்றும் ஐரனிக்கு வறண்ட ஏளனம் என்றும் மிகைப்படுத்திச் சொல்லும் ஹைப்பர்போலிக்கு எட்டாததை எட்டுபவன் என்றும் பெயர். அதைச் சொல்லிவிட்டுச் சென்ற ஆண்டு மாணவர்களையும் தமிழில் பெயர் வைக்கச் சொன்னேன். என்ஜாம்மென்டுக்கு வரப்புத் தாண்டல் என்று ஒருவர் வைத்தார். பிரெஞ்சில் அந்தச் சொல்லின் வேரும் காலெடுத்துத் தாண்டுவதுதான்.

ஸூக்மாவுக்கு வந்தபோது, போப்பின் 1714-ஆம் ஆண்டு காவியத்தில் ஒரு பெண்ணின் மானமோ புதுப் பட்டாடையோ கறைபடலாம் என்று அஞ்சும் வரியை எழுதிப் போட்டேன். கறைபடுதல் என்ற ஒரே வினை இரண்டுக்கும் போகிறது. ஒரு மாணவி உடனே, "இது தீவக அணி, சார், வாசலில் வைத்த ஒரே விளக்கு எல்லா இடத்துக்கும் வெளிச்சம் தருகிற மாதிரி" என்றார். சரிதான் என்றேன். கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கு நுகத்தில் பூட்டுதல் என்று பொருள் என்பதையும் சொன்னேன். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு மாணவர், விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, வழக்கமாக வாய் திறக்காதவர், எழுந்து நின்றார். "விளக்கு இதுக்கு ஒத்து வராது, சார். விளக்கு எல்லாத்துக்கும் ஒரே மாதிரி வெளிச்சம் கொடுக்கும். மானமும் பட்டுச் சேலையும் ஒரே எடை இல்லையே. பெரிய மாட்டையும் கன்னுக்குட்டியையும் ஒரே நுகத்துல பூட்டினா வண்டி நேரா போகாது. அந்த ஊர்ல இரண்டையும் சமமா பூட்டி ஓட்டுறாங்கன்னுதான் இவர் காட்டுறார்." அவர் உட்கார்ந்த பிறகு, கரும்பலகையில் ஸூக்மா என்று எழுதியிருந்த இடத்துக்கு நேரே அவர் சொன்னதை அப்படியே எழுதினேன்.